ஆற்றில் மீன் பிடிக்க ஒற்றை ஆள் படகு: எதை வாங்கலாம்?

பவானியில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம்.

கணவருக்கு மீன் பிடிப்பதில் ஆசை. வாரம் முழுவதும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலும் கையுமாகக் காவிரிக் கரைக்குப் போய் விடுவார்.

கரையில் நின்று தூண்டில் போட்டுப் போட்டு அவருக்கு அலுத்து விட்டது. பெரிய மீன் எல்லாம் நடு ஆற்றில் இருப்பதாக ஓர் எண்ணம். கரையில் நிற்கும் எல்லோருக்கும் இந்த எண்ணம் உண்டு. படகில் போகிறவர்கள் நடு ஆற்றில் இருந்துகொண்டு கரைப் பக்கம் தூண்டில் வீசுவார்கள். அது வேறு கதை.

ஒரு நாள் அவர் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வருகிறார். பெட்டிக்குள் காற்று அடைக்கும் படகு. மடித்தால் மூட்டை. காற்று அடித்தால் படகு. ஓர் ஆள் உட்காரலாம்.

பிள்ளைகள் குதிக்கிறார்கள். மனைவி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்:

"ஏனுங்க, இது ஓட்டை விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

கணவர் சிரிக்கிறார். "ஓட்டை எல்லாம் விழாது" என்கிறார்.

அது பதில் அல்ல.

படகு வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள். நிறத்தைக் கேட்கிறார்கள். தூண்டில் செருக இடம் இருக்கிறதா, தண்ணீர்ப் புட்டி வைக்கப் பை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்த மனைவி கேட்ட கேள்வியை மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான். அதற்குச் சரியான பதில் உள்ள படகை வாங்கலாம். மற்றதை வாங்கக் கூடாது.

புடவை வாங்கப் போனால் முந்தானையை விரித்துப் பார்க்கிறார்கள். சாயம் போகுமா என்று பத்துத் தடவை விசாரிக்கிறார்கள். உயிரைச் சுமக்கும் படகைச் செல்போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள்!

பழைய கேள்வி

காற்றின் மேல் மிதப்பது புதிய வித்தை அல்ல. ஏறக்குறைய 2,850 ஆண்டுகளுக்கு முன்பே அசீரிய நாட்டுப் படைவீரர்கள் ஊதிய ஆட்டுத் தோலை மார்பில் அணைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். அந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கி அரண்மனைச் சுவரில் பதித்தார்கள். அந்தக் கல் இன்று லண்டன் நகரில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் பஞ்சாப் ஆறுகளில் மாட்டுத் தோலை முழுசாக உரித்துத் தைத்து, ஊதி, அதன் மேல் குப்புறப் படுத்து அக்கரைக்குப் போனார்கள்.

தோலுக்குப் பிறகு ரப்பர் வந்தது. 1823-ல் சார்லஸ் மேக்கின்டாஷ் என்பவர் ரப்பர் பூசிய துணிக்கு உரிமை பெற்றார். மழைக்கோட்டு பிறந்தது. அந்தத் துணியில் 1840-களில் ஒருவர் படகு செய்தார். அவர் பெயர் பீட்டர் ஹால்கெட். இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி.

அவருடைய படகு பெரிய வேடிக்கை! மேலே போட்டுக்கொண்டால் அது மேலங்கி. கழற்றி விரித்துத் துருத்தியால் காற்று அடித்தால் படகு. கைத்தடியின் நுனியில் பலகையை மாட்டினால் துடுப்பு. குடையை விரித்தால் பாய்!

வேடிக்கை இருக்கட்டும். ஹால்கெட் ஒரு காரியம் செய்தார். படகின் காற்று வளையத்தை ஒரே குழாயாக விடவில்லை. நான்கு அறைகளாகத் தடுத்தார். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற மூன்றும் மிதக்கும்.

பவானி வீட்டு மனைவியின் கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் சொல்லி விட்டார். கடற்படை மேலதிகாரிகள் அந்தப் படகைக் கெட்டிக்காரத்தனமானது என்று பாராட்டினார்கள். கடற்படைக்கு வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள். ஆனால் ஜான் ரே என்னும் ஆராய்ச்சியாளர் வட அமெரிக்காவின் வடகோடிக்கு அதைக் கொண்டு போனார். மிகவும் பயன்பட்டது என்று மெச்சி எழுதினார்.

இன்று விற்கும் படகுகளில் சிலவற்றுக்கு ஹால்கெட் படகில் இருந்த அளவு அறைகள் கூடக் கிடையாது.

ஓட்டை எப்படி விழும்?

காவிரிக் கரையை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கரை ஓரம் எங்கும் சீமைக் கருவேல மரம். அதன் முள் செருப்பையே துளைத்துக்கொண்டு காலில் ஏறும். படகைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் பத்து அடி தாண்டாது.

தண்ணீருக்குள் போன பிறகு படகின் பகை படகுக்குள்ளேயே இருக்கிறது. தூண்டில் முள் ஒன்று. மீன் வெட்டும் கத்தி ஒன்று. இரண்டையும் விடப் பொல்லாதது பிடிபட்ட மீன்!

கெளுத்தி மீனுக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். ஜிலேபி மீனின் முதுகுத் துடுப்பு முழுவதும் ஊசி வரிசை. மீனைத் தூக்கி மடியில் போட்டால் அது துள்ளும். துள்ளும் மீன் எங்கே குத்தும் என்று யார் சொல்ல முடியும்? காற்றுப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர் தடித்த பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துப் போக வேண்டும். மீன் நேராக வாளிக்குள் போக வேண்டும்.

முள் குத்தி விழும் ஓட்டையை ஒட்டிவிடலாம். வெயில் செய்யும் கெடுதலைத்தான் பலர் அறிவதில்லை.

காலையில் குளிர்ந்த நேரத்தில் படகுக்குக் கெட்டியாகக் காற்று அடிக்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் கரைக்கு வருகிறார்கள். படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு மர நிழலில் உட்காருகிறார்கள். மனிதனுக்கு நிழல். படகுக்குச் சித்திரை வெயில்!

சூடு ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கும். காலையில் 2 என்று காட்டிய காற்றின் அழுத்தம் நண்பகலில் 3-ஐத் தாண்டிவிடும். தையலும் ஒட்டும் நெகிழும். சில சமயம் வெடிக்கும். கரைக்கு வந்ததும் படகை நிழலில் போட வேண்டும். நிழல் இல்லை என்றால் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட வேண்டும். மறுபடி தண்ணீரில் இறங்கும்போது காற்று குளிர்ந்து படகு தளரும். அப்போது மறுபடி அடிக்க வேண்டும். சோம்பல் படக்கூடாது.

பஞ்சர் கடைப் பக்கம் இந்தப் படகைக் கொண்டு போகவே கூடாது. மோட்டார் சைக்கிள் டயருக்கு 30 ராத்தல் அழுத்தம் வரை காற்று வேண்டும். மீன்பிடி படகின் குழாய்க்கு வேண்டியது பெரும்பாலும் 3 ராத்தலுக்கு உள்ளேதான். பஞ்சர் கடை இயந்திரம் ஒரு மூச்சு விட்டால் படகு தாங்காது. படகோடு வரும் கைப்பம்பு அல்லது கால்பம்பு போதும். எவ்வளவு அடிக்கலாம் என்று வால்வின் அருகிலோ, கூட வரும் தாளிலோ எழுதி இருக்கும். படித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் இருக்கும் ரகங்கள்

மலிவானது நீச்சல் குளத்துப் படகு. பளபளப்பாக இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் துடுப்பு இனாமாகக் கிடைக்கும். பெட்டியின் மேல் ஆறும் மலையும் படமாகப் போட்டிருக்கும். அதே பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கையும் இருக்கும். பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இந்தப் படகு வெறும் பிளாஸ்டிக் தாளால் ஆனது. தாளைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தால் நீளும். குழந்தைகள் குளத்தில் விளையாட ஏற்றது. ஆற்றுக்கு ஏற்றது அல்ல. இதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சும்மா கொடுத்தாலும் ஆற்றில் இறக்கக் கூடாது.

நல்ல படகின் தாளுக்குள் துணி இருக்கும். நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் இரு பக்கமும் பி.வி.சி. பூசி இருப்பார்கள். இழுத்தால் நீளாது. உற்றுப் பார்த்தால் நெசவு தெரியும். ஜமக்காளம் நெய்யும் பவானிக்காரர்களுக்கு நெசவைப் பார்க்க யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அடுத்தது வளையப் படகு. அமெரிக்காவில் இது மிகவும் பிரபலம். லாரி டியூபுக்குத் துணி உறை தைத்து, நடுவில் இருக்கை வைத்தது போல் இருக்கும். பிற்பாடு லாட வடிவத்திலும் வந்தது. அதில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே உடம்பு தண்ணீருக்குள் இருக்கும். காலில் வாத்துக்கால் போன்ற ரப்பர் செருப்பு. அதை உதைத்து உதைத்துப் போக வேண்டும்.

அங்கேயும் இதை ஏரிக்குத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஓடும் ஆற்றுக்கு வேண்டாம் என்கிறார்கள். ஓட்டத்தில் உதைத்து எதிர்த்துப் போக முடியாது. கால் பாறை இடுக்கில் சிக்கலாம்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. காவிரியில் முதலை இருக்கிறது. ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணையே இருக்கிறது. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் முதலைக் கதை சொல்வார்கள். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மீன் பிடிக்கும் படகு நம் ஆற்றுக்கு வேண்டாம்!

நம் ஊர் ஏரிகளிலும் கண்மாய்களிலும் மீனவர்கள் வெறும் லாரி டியூபில் உட்கார்ந்து வலை போடுவதைப் பார்க்கலாம். தெர்மோகோல் கட்டிய தெப்பத்திலும் போகிறார்கள். அவர்கள் அதை ஆசைப்பட்டுச் செய்யவில்லை. பரிசல் வாங்கப் பணம் இல்லாமல் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவர் அவர்களைப் பார்த்து, "அவர்கள் போகவில்லையா?" என்று கேட்பது நியாயம் அல்ல. ஆண்டு முழுவதும் அதே தண்ணீரில் கிடப்பவர்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

மூன்றாவது, நீள் படகு. 'கயாக்' என்பார்கள். இரு பக்கமும் இரண்டு குழாய். அடியில் தனியாகக் காற்றுத் தரை. ஆக மூன்று அறை. இரு முனையிலும் இலை உள்ள ஒரே துடுப்பு. வேகமாகப் போகும். ஆனால் அகலம் குறைவு. மீன் கடித்த ஆவேசத்தில் எழுந்து நின்றால் ஆளும் மீனும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருவார்கள்.

நான்காவது, இரட்டைக் குழாய்ப் படகு. இரண்டு நீளக் குழாய்கள். அவற்றின் மேல் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். சட்டத்தின் மேல் நாற்காலி. இரு கைக்கும் இரு துடுப்பு. 8 அடி, 9 அடி நீளம் இருக்கும். ஆள் தண்ணீருக்கு மேலே உட்காரலாம். மேற்கு அமெரிக்காவின் ஆறுகளில் மீன் பிடிக்கிறவர்கள் இதை விரும்புகிறார்கள். கனம் அதிகம். விலையும் அதிகம். சட்டத்தைப் பூட்டிக் கழற்ற நேரம் ஆகும்.

இருந்தாலும் ஆற்றுக்கு என்று ஒன்றை வாங்குவதானால் இதுதான் முதல் இடம் பெற வேண்டியது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் காற்றைத் தண்ணீருக்குள் அமுக்கினால் அது ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். குழாயின் குறுக்களவு 1 அடி, நீளம் 8 அடி இருந்தால் அதற்குள் ஏறக்குறைய 175 லிட்டர் காற்று இருக்கும். இரண்டு குழாய்க்கும் சேர்த்து 350 லிட்டர். ஆள் 70 கிலோ. சட்டம், நாற்காலி, வாளி, தூண்டில் எல்லாம் 30 கிலோ. மொத்தம் 100 கிலோ.

ஒரு குழாய் முழுவதும் போய்விட்டால்? மற்றது 175 கிலோவைத் தாங்கும். படகு ஒரு பக்கம் சாயும். ஆள் தண்ணீரில் விழலாம். ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்று மிதந்துகொண்டே இருக்கும்.

எந்தப் படகை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் அறை போனால் மிச்சம் உள்ள அறை ஆளையும் சாமானையும் தாங்குமா? தாங்கும் என்றால்தான் அது படகு. பெட்டியில் "150 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தால் எல்லா அறையும் நன்றாக இருக்கும்போது சொல்வது அது. 150 கிலோ ஏற்ற வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

படகு வாங்கும் பணத்தில் முதலில் மிதவைச் சட்டைக்கு எடுத்து வைக்க வேண்டும். 'லைப் ஜாக்கெட்' என்று கேட்டால் கிடைக்கும். அதில் 50, 100, 150 என்று எண் போட்டிருக்கும். 50 என்றால் சுமார் 5 கிலோ தூக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு அது உதவி. 100 என்றால் சுமார் 10 கிலோ. நீச்சல் சரியாக வராதவருக்கு அதற்குக் குறைந்து வேண்டாம். 70 கிலோ ஆளை 10 கிலோ எப்படித் தூக்கும் என்று சந்தேகம் வரும். தண்ணீருக்குள் மனித உடம்பு தானே ஏறக்குறைய மிதக்கிறது. தலையை மேலே வைத்திருக்கச் சில கிலோதான் தேவை.

சட்டையை வாங்கிப் படகில் போட்டுவிட்டு அதன் மேல் உட்காருகிறவர்கள் உண்டு. மெத்தையாக இருக்கிறதாம்!

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று இலைப் பச்சையில் படகு விற்கிறார்கள். கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு எந்தப் படகும் கருப்பு நிழல்தான். கரையில் இருந்து தேடுகிற மனிதருக்குத்தான் நிறம் வேண்டும். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த ஆறு? எந்த மாதம்?

படகு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. காவிரி என்பது ஒரே ஆறு அல்ல. இடத்துக்கு இடம் வேறு ஆறு.

ஒகேனக்கல் பாறையும் அருவியும். அங்கே மூங்கில் பரிசல் போகிறது. காற்றுப் படகுக்கு அது இடம் அல்ல. தண்ணீர் அதிகம் வந்தால் பரிசலுக்கே தடை போட்டு விடுகிறார்கள். பரிசல்காரர் பாறையைத் தொடாமல் ஒற்றைத் துடுப்பால் வட்டத்தைத் திருப்புவார். அது தலைமுறை தலைமுறையாக வந்த கை. பெட்டியோடு வருவது இல்லை.

அதற்குக் கீழே மேட்டூர் அணை. 1934-ல் கட்டி முடித்தது. நீர்த்தேக்கம் நிறைந்தால் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். ஓட்டம் இல்லை. அதனால் பயம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆடிக் காற்று அடிக்கும்போது காற்றுப் படகு சருகு. பரிசலும் லேசானதுதான். ஆனால் பரிசல் தண்ணீரில் படிந்து போகும். காற்றுப் படகு தண்ணீரின் மேல் உட்கார்ந்து போகும். காற்று அதைப் பிடித்துத் தள்ளும். ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டு வந்த தூரத்தைப் பத்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் கொண்டு போய்விடும். காற்று மாதங்களில் விடியற்காலையில் போய், காற்று எழும்பும் முன் கரை ஏறி விட வேண்டும். கரையை விட்டுத் தூரம் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த அணையில் மீன் பிடிக்க உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற மீனவர்கள் வலை கட்டி இருப்பார்கள். அது அவர்களுடைய அடுப்பு. பொழுது போக்க வந்தவரின் துடுப்பு அதைக் கிழிக்கக் கூடாது. வலையில் மாட்டினால் படகுக்கும் ஆபத்துத்தான்.

மேட்டூருக்குக் கீழே கதவணைகள். செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக வருகின்றன. கதவணைக்கு மேலே தண்ணீர் குளம் போல் நிற்கும். ஒற்றை ஆள் படகுக்குக் காவிரியில் இதை விட நல்ல இடம் இல்லை. கெண்டை உண்டு. ஜிலேபி உண்டு. வாளை உண்டு. மேட்டூர்க் குன்றுகளைப் பார்த்துக்கொண்டு அசையாத தண்ணீரில் காலை 6 மணிக்கு உட்கார்ந்திருப்பது பெரிய சுகம். இந்தச் சுகத்தை ஒருவர் விரும்பினால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் குளத்தின் கீழ்க் கோடியில் கதவு இருக்கிறது. கதவு திறந்தால் குளம் ஆறாகிவிடும். கதவின் பக்கம் போகவே கூடாது.

கதவணையை விட மோசமானது சின்னத் தடுப்பணை. மூன்று அடி, நான்கு அடி உயரம்தான். மேலே இருந்து வருகிறவருக்குத் தண்ணீர் சமமாகத் தெரியும். சுவர் தெரியாது. தண்ணீர் வழிந்து கீழே விழுந்ததும் நேராகப் போவதில்லை. உருண்டு திரும்பிச் சுவரை நோக்கியே வரும். அதில் விழுந்த கட்டை மணிக்கணக்கில் அங்கேயே புரண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். கட்டைக்கு மூச்சு வேண்டாம். மனிதனுக்கு வேண்டும். நீச்சல் வீரனும் அங்கே அகப்பட்டால் மீள்வது கடினம். புதிய இடத்தில் படகை இறக்கும் முன் கீழ்ப்பக்கம் கரையோடு நடந்து பார்த்துவிட வேண்டும்.

மாதம் பார்ப்பதும் முக்கியம். மேட்டூரில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறப்பது வழக்கம். ஜனவரி 28 வரை விடுவார்கள். திறந்த பிறகு ஆறு வேறு ஆறு. நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று ஆள் மறையும். அணைக்கு மேலே கர்நாடகத்தில் மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். வெள்ள எச்சரிக்கை விட்ட நாளில் படகு வீட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும்.

ஓடும் தண்ணீரில் படகை நிறுத்த நங்கூரம் போடுகிறார்கள். கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டினால் தண்ணீர் படகைக் கவிழ்த்துவிடும். முனையில் மட்டும் கட்ட வேண்டும். இடுப்பில் கட்டவே கூடாது. உறையில் போட்ட கத்தி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இழுத்தால் வராத கயிற்றை அறுத்துவிட வேண்டும். நங்கூரம் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

கடலையே தாண்டினாரே!

இவ்வளவும் சொன்னால் ஒருவர் எழுந்திருப்பார். "பிரெஞ்சு டாக்டர் ஒருவர் ரப்பர் படகில் அட்லான்டிக் சமுத்திரத்தையே தாண்டினாரே! காவிரி எம்மாத்திரம்?" என்பார்.

உண்மைதான். அலென் போம்பார் என்பவர் 1952-ல் கானரித் தீவில் இருந்து பார்படோஸ் தீவு வரை ரப்பர் படகில் தன்னந்தனியாகப் போனார். 65 நாள் ஆயிற்று. சுமார் 25 கிலோ இளைத்துப் போய்க் கரை சேர்ந்தார். அவர் படகு 15 அடி நீளம். சோதனை செய்வதற்கென்றே போனவர் அவர். மேலும், கடலில் கருவேல முள் இல்லை. தடுப்பணையும் இல்லை.

காற்றுப் படகே வேண்டாம் என்பதும் சரி அல்ல. பரிசல் நல்லதுதான். மூங்கிலால் பின்னி, முன்பு தோலும் இன்று பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முள் குத்தினாலும் உடனே மூழ்கிவிடாது. கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் பஸ்ஸில் ஏற்ற முடியாது. மாடி வீட்டில் வைக்க முடியாது. பவானியில் சந்துக்குள் வாடகை வீட்டில் இருப்பவர் பரிசலை எங்கே வைப்பார்? அவருக்குக் காற்றுப் படகு ஒரு வரம். பீரோவின் மேல் வைத்துவிடலாம்.

தனியாகப் போவதை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒற்றை ஆள் படகு என்றால் ஒரு படகில் ஓர் ஆள் என்றுதான் அர்த்தம். ஆற்றில் ஒரே ஆள் என்று அர்த்தம் இல்லை. இரண்டு பேர் இரண்டு படகில் போகலாம். ஒருவர் படகிலும் ஒருவர் கரையிலும் இருக்கலாம். எங்கே இறங்குகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் படிக்கட்டும். படகு ஓடிவிடாது.

இனி பவானி வீட்டுக்குத் திரும்புவோம்.

கணவர் அன்றைக்கே ஆற்றுக்குப் புறப்படுகிறார். மனைவி விடவில்லை. "ஊதி இங்கேயே போடுங்க. காலையில பார்க்கலாம்" என்கிறாள்.

திண்ணை நிழலில் படகுக்குக் காற்று அடிக்கிறார்கள். இரண்டு குழாய்ப் படகு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குழாயில் ஏறி உட்காருகிறார்கள். சாப்பாட்டுக்கு அழைத்தாலும் இறங்கவில்லை. இரவு முழுவதும் படகு திண்ணையில் கிடக்கிறது.

விடிகிறது. மனைவி கோலம் போட வாசலுக்கு வருகிறாள். குனிந்து ஒரு குழாயை அமுக்கிப் பார்க்கிறாள். கல் மாதிரி இருக்கிறது. மற்றதை அமுக்குகிறாள். விரல் உள்ளே போகிறது.

கணவர் ஓடி வருகிறார். சோப்பு நீரைத் துணியில் நனைத்துக் குழாய் முழுவதும் தடவுகிறார். வால்வின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. ஒன்று உடைந்தால் இன்னொன்று வருகிறது.

"இதை மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்கிறாள்.

கணவர் பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.